முஸ்லிம் பெரும்பான்மை நாடுகளில் ஜனநாயகம், ஆட்சிமுறை, மனித உரிமை: ஆய்வில் இறங்குபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"இஸ்லாமும் ஜனநாயகமும் ஒத்துப்போகுமா?" என்ற தலைப்போடு வருஷத்துக்கு நாலைந்து ஆய்வு முன்மொழிவுகளாவது என் கைக்கு வந்துவிடுகின்றன. எழுதுகிறவர்கள் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் ஒத்துப்போகும் என்று முந்நூறு பக்கம் எழுதலாம், ஒத்துப்போகாது என்றும் முந்நூறு பக்கம் எழுதலாம், இரண்டையும் படித்து முடித்தவருக்கும் ஒரு விஷயம் விளங்காது: செனகலில் 2024 பிப்ரவரியில் அதிபர் தேர்தலைத் தள்ளிப்போட எடுத்த முடிவை அரசியலமைப்பு மன்றம் எப்படி ரத்து செய்ய முடிந்தது, அதே ஆண்டு மே மாதம் குவைத்தில் அமீர் நாடாளுமன்றத்தைக் கலைத்து அரசியலமைப்பின் சில பிரிவுகளையும் எப்படி நிறுத்திவைக்க முடிந்தது?

இரண்டிலும் முஸ்லிம்கள்தான் பெரும்பான்மை. மதம் ஒன்றாக இருந்தும் நடந்தது வேறாக இருக்கிறது என்றால், காரணத்தை மதத்துக்கு வெளியே தேடத்தானே வேண்டும்? நீதிமன்றம், ராணுவம், எண்ணெய்ப் பணம், காலனிகாலச் சட்டம், தொழிற்சங்கம், கட்சி. இவற்றையெல்லாம் பார்த்த பிறகு மதத்துக்கு வரலாம். அப்போது மதத்தைப் பற்றியும் உருப்படியாகச் சொல்ல ஏதாவது கிடைக்கும். முதுகலை, முனைவர் பட்ட மாணவர்கள், மனித உரிமை அமைப்புகளில் அறிக்கை எழுதுகிறவர்கள், ஆழமாக எழுத நினைக்கும் பத்திரிகையாளர்கள், எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

முதல் படி: சொற்களைச் சுத்தம் செய்யுங்கள்

இது தமிழில் எழுதுகிறவர்களுக்குக் கூடுதல் தலைவலி. நம் செய்தித்தாள்களில் துருக்கியும் "இஸ்லாமிய நாடு", ஈரானும் "இஸ்லாமிய நாடு", செனகலும் இந்தோனேசியாவும்கூட "இஸ்லாமிய நாடு"தான். ஈரான் 1979 முதல் பெயரிலேயே இஸ்லாமியக் குடியரசு. துருக்கி அரசியலமைப்பிலிருந்து அரச மதம் பற்றிய வரியை 1928லேயே நீக்கிவிட்டார்கள். செனகலின் அரசியலமைப்பு தன்னை மதச்சார்பற்ற குடியரசு என்கிறது, சுதந்திரம் பெற்ற 1960ல் இருந்து இருபது ஆண்டுகள் அதன் அதிபராக இருந்த செங்கோர் ஒரு கத்தோலிக்கர். இந்தோனேசியா இரண்டிலும் சேராது, ஒரே இறைவன் மீதான நம்பிக்கையை முதல் கொள்கையாகக் கொண்ட பஞ்சசீலம் என்ற ஐந்து அரசுக் கொள்கைகளின் மேல் நிற்கிறது.

ஆகவே குறைந்தது மூன்று சொற்களை வைத்துக்கொள்ளுங்கள். மக்கள்தொகையைச் சொல்ல "முஸ்லிம் பெரும்பான்மை நாடு". சட்ட நிலையைச் சொல்ல "இஸ்லாத்தை அரச மதமாக அறிவித்த நாடு". இஸ்லாத்தின் அடிப்படையில் அரசு நடக்க வேண்டும் என்னும் அரசியல் இயக்கங்களைச் சொல்ல "இஸ்லாமியவாத" என்ற அடைமொழி. இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பில் 57 உறுப்பு நாடுகள் இருக்கின்றன, அதை அப்படியே முஸ்லிம் நாடுகளின் பட்டியலாக எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. கயானா, சுரினாம், உகாண்டா, காபோன் எல்லாம் அதில் இருக்கின்றன, அங்கே முஸ்லிம்கள் சிறுபான்மை. முஸ்லிம் பெரும்பான்மை நாடுகள் உலகில் சுமார் ஐம்பதுதான்.

"மதச்சார்பின்மை" என்ற சொல்லும் இதே மாதிரி வழுக்கும். நாம் அதைச் சொன்னால் இந்தியப் பொருள்தான் மனசில் வருகிறது: எல்லா மதத்தையும் சமமாக நடத்துவது. துருக்கியில் நிலைமை வேறு. அங்கே 1924ல் தொடங்கிய தியானெத் என்ற அரசுத் துறைதான் பள்ளிவாசல்களை நிர்வகிக்கிறது, இமாம்களுக்குச் சம்பளம் கொடுக்கிறது. மதத்தை அரசிடமிருந்து பிரித்து வைப்பது அங்கே நடக்கவில்லை, அரசு அதைத் தன் கைக்குள் வைத்திருக்கிறது. அரபு நாடுகளில் "அல்மானிய்யா", அதாவது மதச்சார்பின்மை, என்ற சொல் பல காதுகளில் மதமறுப்பு என்றே விழுகிறது, அதனால் அரசியல்வாதிகள் "மதனிய்யா", குடிமை அரசு, என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். துனிசியாவின் 2014 அரசியலமைப்பைத் திறந்தால் முதல் பிரிவில் இஸ்லாம் வரும், இரண்டாவது பிரிவில் குடிமை அரசு வரும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தே தீர வேண்டியிருந்தது. இந்த நெளிவுசுளிவைப் பிடிக்காத மொழிபெயர்ப்பை வைத்து ஆய்வு செய்தால் பாதி அரசியல் காணாமல் போய்விடும்.

ஷரீஆவும் ஃபிக்ஹும் ஒன்றல்ல என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். முன்னது நம்பிக்கையாளர்கள் இறைவனின் வழி என்று கருதுவது. பின்னது அதை மனிதர்கள் புரிந்துகொண்டு வகுத்த சட்டம், மத்ஹபுக்கு மத்ஹபு (சட்ட மரபுக்குச் சட்ட மரபு) மாறும். "ஷரீஆ சட்டம் அப்படிச் சொல்கிறது" என்று எழுதும்போது எந்த நாட்டின், எந்த ஆண்டின், எந்தச் சட்டப் பிரிவு என்று சொல்ல முடியாவிட்டால் அந்த வாக்கியத்தை அடித்துவிடுங்கள். தமிழ் முஸ்லிம்களிடம் ஒரு சின்ன அனுகூலம் இருக்கிறது: கூடிப் பேசி முடிவெடுப்பதை "மஷூரா" என்று சொல்லிப் பழகியவர்களுக்கு, பஞ்சசீலத்தின் நான்காவது கொள்கையில் வரும் "முஷாவரா"வின் வாசனை உடனே பிடிபடும். மற்றவர்கள் அகராதி பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது படி: மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்

என்னைக் கேட்டால் இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான இடம் இதுதான். ஜனநாயகம், நல்லாட்சி, மனித உரிமை என்று ஒரே மூச்சில் சொல்கிறோம், ஆனால் மூன்றும் சேர்ந்து ஏறி சேர்ந்து இறங்குவதில்லை.

துனிசியாவில் பலதார மணத்தைத் தடை செய்த குடும்பச் சட்டம் 1956ல் வந்தது. கொண்டுவந்தவர் பூர்கிபா, பிறகு ஆயுட்கால அதிபராகத் தன்னை அறிவிக்க வைத்தவர். பாகிஸ்தானில் ஒருதலைப்பட்ச விவாகரத்துக்கும் பலதார மணத்துக்கும் கட்டுப்பாடு வைத்த குடும்பச் சட்டம் 1961ல் வந்தது, அப்போது ஆண்டது அயூப் கானின் ராணுவ ஆட்சி. மறுபக்கம், ஜனநாயகம் திரும்பிய காம்பியாவில், 2015ல் தடை செய்யப்பட்ட பெண் உறுப்புச் சிதைப்பை மறுபடி அனுமதிக்க ஒரு மசோதா நாடாளுமன்றத்துக்கே வந்தது. 2024 ஜூலையில் உறுப்பினர்கள் அதை நிராகரித்தார்கள். தடையைக் கொண்டுவந்தது முன்னாள் அதிபர் ஜம்மேவின் சர்வாதிகாரம், அதை எடுக்கச் சொல்லிக் கேட்டது தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர், கடைசியில் காப்பாற்றியதும் தேர்ந்தெடுக்கப்பட்ட அவைதான். இதை "ஜனநாயகம் வந்தால் உரிமை வரும்" என்ற ஒற்றை வரிக்குள் எப்படி அடைப்பீர்கள்?

ஆட்சித்திறனும் அப்படித்தான். உலக வங்கியின் ஆளுகைக் குறியீடுகளில் ஆறு பரிமாணங்கள் உண்டு. ஐக்கிய அரபு அமீரகம் "அரசின் செயல்திறன்" வரிசையில் நல்ல உயரத்தில் இருக்கும், "குரலும் பொறுப்புக்கூறலும்" வரிசையில் கீழே கிடக்கும். குவைத்தோ 1963 முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றத்தை வைத்திருந்தது, அமைச்சர்களைக் கூப்பிட்டுக் குடைந்தெடுத்தது, ஆனால் பெண்களுக்கு ஓட்டுரிமை 2005ல்தான் கிடைத்தது. பெண்களின் அந்த ஓட்டுரிமைக்கு 1999ல் அமீர் ஆணை போட்டார், அதைத் தோற்கடித்தது அதே தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம்.

ஆகவே உங்கள் ஆய்வு இந்த மூன்றில் எதைப் பற்றியது என்று முதல் பக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். இரண்டுக்கு நடுவே உள்ள உறவைப் பற்றியது என்றால் இன்னும் நல்லது. மூன்றையும் பற்றியது என்றால், தயவுசெய்து மறுபடி யோசியுங்கள்.

மூன்றாவது படி: கேள்வியைக் கை அடக்கத்துக்குக் கொண்டுவாருங்கள்

ஒரு நாடு (அல்லது இரண்டு), ஒரு நிறுவனம், ஒரு காலக்கட்டம். நான் மாணவர்களிடம் கேட்பது அவ்வளவுதான். "இந்தோனேசியாவில் ஊழலும் ஜனநாயகமும்" என்பது கேள்வியே இல்லை. "2019 சட்டத் திருத்தத்துக்கு முன்னும் பின்னும் ஊழல் ஒழிப்பு ஆணையம் எந்த மட்டத்து அதிகாரிகள் மேல் வழக்கு தொடுத்தது" என்பது கேள்வி, அதற்கு ஆவணம் தேடலாம், எண்ணலாம், தப்பாகவும் போகலாம். "பாகிஸ்தானில் ஜனநாயகம் ஏன் தோற்றது" என்பதை விட்டுவிட்டு, 2010ன் பதினெட்டாவது திருத்தம் மாகாணங்களுக்குக் கொடுத்த அதிகாரத்தை சிந்து மாகாணம் பள்ளிக் கல்வியில் எப்படிப் பயன்படுத்தியது என்று கேளுங்கள். சுவாரசியம் குறைந்துவிட்ட மாதிரி தோன்றும். வேலை தொடங்கி ஆறாவது மாதம் நன்றி சொல்வீர்கள்.

நான்காவது படி: எந்த நாடு, ஏன்

பெரும்பாலானவர்கள் நேராக அரபு நாடுகளுக்குப் போய்விடுகிறார்கள். உலக முஸ்லிம்களில் மத்திய கிழக்கிலும் வட ஆப்பிரிக்காவிலும் இருப்பவர்கள் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். மிச்சமுள்ள நான்கு பங்கை விட்டுவிட்டு "முஸ்லிம் சமூகங்கள்" என்று தலைப்பு வைப்பது நியாயமில்லை. 2003ல் ஆல்ஃப்ரெட் ஸ்டெபனும் கிரேம் ராபர்ட்சனும் இதைக் கணக்குப் போட்டே காட்டினார்கள்: போட்டியுள்ள தேர்தல் விஷயத்தில் பின்தங்கியிருப்பது அரபு முஸ்லிம் நாடுகள், அரபு அல்லாத முஸ்லிம் நாடுகள் தங்கள் வருமான நிலைக்கு எதிர்பார்த்ததைவிட நன்றாகவே செய்கின்றன. அந்தக் கட்டுரையோடு சண்டை போடலாம், ஆனால் படிக்காமல் தாண்டக்கூடாது.

ஒப்பீட்டுக்கு ஜோடி தேடும்போது பல விஷயங்களில் ஒத்து, விளைவில் மட்டும் வேறுபடும் நாடுகளைப் பாருங்கள். துனிசியாவும் எகிப்தும் 2011ல் சில வார இடைவெளியில் தங்கள் ஆட்சியாளர்களை இறக்கின. இரண்டிலும் தேர்தலில் முன்னால் வந்தது இஸ்லாமியவாதக் கட்சி. ஆனால் எகிப்தில் 2013ல் ராணுவம் ஆட்சியை எடுத்துக்கொண்டது, துனிசியாவில் 2014ல் பேசித் தீர்த்த அரசியலமைப்பு வந்தது. எகிப்து ராணுவம் பொருளாதாரத்தில் ஆழமாகக் கால் ஊன்றியது, அமெரிக்காவிடமிருந்து ஆண்டுக்கு சுமார் 130 கோடி டாலர் ராணுவ உதவி பெறுவது. துனிசியாவின் ராணுவம் சின்னது, அரசியலுக்கு வெளியே வளர்ந்தது. அங்கே 1946ல் தொடங்கிய பொதுத் தொழிலாளர் சங்கம் இருந்தது, கட்சிகளை ஒரே மேஜையில் உட்கார வைக்கும் பலம் அதற்கு இருந்தது, 2015 அமைதி நோபல் பெற்ற நால்வர் குழுவில் அதுவும் ஒன்று. இந்த ஒப்பீட்டில் மதத்தை மாறிலியாக வைத்துவிட்டு மற்றதைப் பார்க்க முடிகிறது, அதுதான் இதன் அழகு.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. "வெற்றிக்கதை" என்று ஒரு நாட்டை எடுத்து அதன் மேல் முழு வாதத்தையும் கட்டாதீர்கள். மாலி 2012 மார்ச் வரை ஆப்பிரிக்க ஜனநாயகத்தின் பாடப்புத்தக உதாரணம், ஒரே ராணுவப் புரட்சியில் போனது. துனிசியாவில் 2021 ஜூலை 25 அன்று அதிபர் சயீத் நாடாளுமன்றத்தை முடக்கினார், அடுத்த ஆண்டு புதிய அரசியலமைப்பைப் பொது வாக்கெடுப்புக்கு விட்டார், வாக்களித்தவர்கள் பத்தில் மூன்று பேர். அவர் இஸ்லாமியவாதியும் இல்லை, ராணுவத் தளபதியும் இல்லை, அரசியலமைப்புச் சட்டம் நடத்திய பேராசிரியர்!

ஐந்தாவது படி: சட்டத்தை அடுக்கு அடுக்காகப் பிரியுங்கள்

அரசியலமைப்பின் முதல் சில பிரிவுகளைப் படித்துவிட்டு "மதச் சட்ட நாடு" என்று முடிவு கட்டுவது ரொம்ப சாதாரணமாக நடக்கும் தவறு. எகிப்தின் இரண்டாவது பிரிவைப் பாருங்கள். 1971ல் ஷரீஆவின் கோட்பாடுகள் சட்டத்துக்கு "ஒரு முதன்மை மூலம்" என்று இருந்தது, 1980ல் அது "முதன்மை மூலம்" ஆனது. ஒரு சொல்தான் வித்தியாசம், பயங்கர மாற்றம் மாதிரி தெரியும். ஆனால் அதற்குப் பிறகு உச்ச அரசியலமைப்பு நீதிமன்றம் என்ன செய்தது என்று பார்த்தால் கதை மாறுகிறது: சந்தேகத்துக்கு இடமில்லாத கட்டளைகள் சிலவே, மற்றதெல்லாம் காலத்துக்கேற்ப விளக்கத்துக்கு உட்பட்டது என்று பிரித்து, 1996ல் பள்ளிகளில் முகத்திரையைத் தடை செய்த அரசாணையை அதே பிரிவின் கீழ் ஆராய்ந்து செல்லும் என்றது.

பாகிஸ்தானின் மதநிந்தனைச் சட்டம் இன்னொரு நல்ல பயிற்சி. அதை "இஸ்லாமியச் சட்டம்" என்று எழுதுகிறவர்கள் தண்டனைச் சட்டத்தின் பிரிவு எண்களைக் கவனித்திருக்க மாட்டார்கள். அடிப்படைச் சட்டம் பிரிட்டிஷார் போட்ட 1860ஆம் ஆண்டு தண்டனைச் சட்டம். 295ஏ பிரிவு 1927ல் பிரிட்டிஷார் சேர்த்தது. 295பி 1982ல், 295சி 1986ல், இரண்டும் ஜியாவுல் ஹக் காலத்தில். காலனிகாலச் சட்டத்தின் எலும்பின் மேல் ராணுவ ஆட்சி தசை வைத்தது என்பதுதான் வரலாறு. எந்த அடுக்கு யார் காலத்தில் வந்தது என்று ஒரு அட்டவணை போட்டுப் பாருங்கள், உங்கள் வாதத்தின் பாதி அதிலேயே தெளிவாகிவிடும்.

மலேசியாவில் கவனிக்க வேண்டியது அதிகார எல்லை. 1988ல் சேர்த்த 121(1ஏ) பிரிவு, ஷரியா நீதிமன்றங்களின் வரம்புக்குள் வரும் விஷயங்களில் சிவில் உயர் நீதிமன்றங்களுக்கு அதிகாரம் இல்லை என்கிறது. முப்பது ஆண்டுகள் கழித்து, 2018 ஜனவரியில், பெற்றோரில் ஒருவர் மட்டும் முடிவெடுத்துப் பிள்ளைகளை மதம் மாற்றியது செல்லாது, இருவர் சம்மதமும் வேண்டும் என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நடுவிலுள்ள வழக்குகளை வரிசையாகப் படித்தால் இரண்டு நீதிமன்ற அமைப்புகள் எல்லைக் கல்லை எப்படி நகர்த்தி நகர்த்திப் போட்டன என்று தெரியும். தீர்ப்பு வந்ததோடு நிறுத்தாமல், அது நடைமுறைக்கு வந்ததா என்றும் தேடுங்கள்.

ஈரான் தனி வகை. அங்கே தேர்தல் நடக்கிறது, போட்டி சில சமயம் நிஜமாகவே இருக்கிறது, ஆனால் யார் போட்டியிடலாம் என்பதை 12 பேர் கொண்ட காவலர் மன்றம் முடிவு செய்கிறது. 2021 அதிபர் தேர்தலில் பெயர் கொடுத்தவர்கள் 592 பேர், அனுமதி கிடைத்தது ஏழு பேருக்கு. வாக்குச்சாவடியில் என்ன நடந்தது என்று ஆராய்வதைவிட அதற்கு முந்தைய மாதத்தை ஆராய்வதுதான் இங்கே பலன் தரும்.

ஆறாவது படி: குறியீட்டு எண்களை நம்புங்கள், ஆனால் பிரித்துப் பார்த்துவிட்டு

என் சொந்தக் கதையைச் சொல்கிறேன். என் முதல் ஆய்வேட்டில் ஒரு நாட்டின் ஜனநாயக மதிப்பெண் 0.02 குறைந்ததை வைத்து "சரிவு" என்று ஒரு முழு அத்தியாயம் எழுதினேன். வாய்மொழித் தேர்வில் ஒரு பேராசிரியர் கேட்டது ஒரே கேள்வி: "அந்த எண்ணின் நம்பக இடைவெளி, அதாவது உண்மையான மதிப்பு இருக்கக்கூடிய வரம்பு, என்ன?" இரண்டு ஆண்டுகளின் இடைவெளியும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தது. சரிவு என்று ஒன்றுமே இல்லை. அத்தியாயம் போச்சு.

நாடுகளின் ஜனநாயகத்தை அளக்கும் வி-டெம் தரவு ஸ்வீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறது, 1789 வரை பின்னால் போகிறது, நூற்றுக்கணக்கான சின்னச் சின்னக் கேள்விகளுக்கு நாட்டு நிபுணர்கள் கொடுத்த பதில்களைப் புள்ளியியல் மாதிரியில் போட்டுச் செய்தது. ஒவ்வொரு ஆண்டும் பழைய ஆண்டுகளின் எண்களும் மறுபடி கணக்கிடப்படுவதால், எந்தப் பதிப்பைப் பயன்படுத்தினீர்கள் என்று எழுதாவிட்டால் வேறு யாரும் உங்கள் கணக்கைச் சரிபார்க்க முடியாது. நாடுகளின் சுதந்திரத்துக்கு மதிப்பெண் போடும் அமெரிக்க அமைப்பான ஃப்ரீடம் ஹவுஸ் வேறு மாதிரி, ஆய்வாளர்கள் மதிப்பெண் போட்டுக் கூடவே காரணத்தையும் எழுதுகிறார்கள். நெடுங்காலம் அமெரிக்க அரசின் பணத்தில் நடந்த அமைப்பு அது என்பதை வாசகருக்குச் சொல்லிவிடுங்கள், சொல்லிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

எண்ணைவிடக் காரணம்தான் உங்களுக்கு வேண்டும். இந்தோனேசியா அவர்கள் கணக்கில் "சுதந்திரமான நாடு" என்பதிலிருந்து "ஓரளவு சுதந்திரமான நாடு" என்று 2014 அறிக்கையில் இறங்கியது. ஏன்? முந்தைய ஆண்டு வந்த, சமூக அமைப்புகளைக் கட்டுப்படுத்தும் சட்டம். தேர்தல் ஒழுங்காகத்தான் நடந்தது. மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்க்கிறவருக்கு இது தெரியாது, துணைக் குறியீட்டுக்கு இறங்கினால் ஒரு நிமிஷத்தில் தெரியும்.

ஏழாவது படி: கருத்துக்கணிப்பில் கேட்டது என்ன, பதில் சொன்னவர் காதில் விழுந்தது என்ன

அரபு பாரோமீட்டர், ஆஃப்ரோபாரோமீட்டர், உலக மதிப்பீடுகள் கணிப்பு, மூன்றின் தரவுகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. பியூ நிறுவனம் 2013ல் வெளியிட்ட 39 நாடுகளின் கணிப்பை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள், பெரும்பாலும் அரைகுறையாக. ஷரீஆவை நாட்டின் அதிகாரபூர்வச் சட்டமாக்க ஆதரவு தெரிவித்த முஸ்லிம்கள் ஆப்கானிஸ்தானில் 99%, பாகிஸ்தானில் 84%, எகிப்தில் 74%, இந்தோனேசியாவில் 72%, துருக்கியில் 12%. இந்த வரி தொலைக்காட்சி விவாதத்துக்குப் போதும், ஆய்வுக்குப் போதாது.

முதலில், ஒரே மதத்தைச் சேர்ந்தவர்களிடம் 12ம் 99ம் வருகிறது என்றால் அந்த எண் மதத்தை மட்டும் அளக்கவில்லை. அடுத்து, பல நாடுகளில் ஆதரித்தவர்களிலேயே குடும்ப, சொத்துத் தகராறுகளுக்கு மார்க்க நீதிபதி வேண்டும் என்றவர்கள் அதிகம், கடுமையான உடல் தண்டனைகளை ஆதரித்தவர்கள் அதைவிடக் குறைவு. மூன்றாவதாக, ஓட்டுப்பெட்டியைப் பாருங்கள். 72% ஆதரவு சொன்ன அதே இந்தோனேசியாவில் 2019 தேர்தலில் இஸ்லாமியவாதக் கட்சியான பிகேஎஸ் வாங்கியது சுமார் 8%. கணிப்பில் "ஷரீஆ" என்ற சொல்லை நீதி, ஒழுக்கம், ஊழலின்மை என்று புரிந்துகொண்டு தலையாட்டியவர், ஓட்டுப் போடும்போது விலைவாசியையும் வேட்பாளரையும் பார்க்கிறார். இந்த இடைவெளியே ஒரு முனைவர் பட்டத்துக்குத் தாங்கும்.

அடக்குமுறை உள்ள நாட்டில் "அரசை நம்புகிறீர்களா?" என்ற கேள்விக்கு வரும் பதிலை அப்படியே எடுக்காதீர்கள். எத்தனை பேர் பதில் சொல்ல மறுத்தார்கள், "தெரியாது" என்றார்கள் என்ற கட்டத்தையும் பாருங்கள். யார் கணிப்பை நடத்துவதாக அவர்கள் நினைத்தார்கள் என்ற கேள்வி வினாத்தாளின் கடைசியில் சில சமயம் இருக்கும், அதற்கு "அரசாங்கம்" என்று சொன்னவர்களைத் தனியாக எடுத்து ஒப்பிடுங்கள்.

எட்டாவது படி: மனித உரிமை ஆவணங்கள்

"உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தை முஸ்லிம் நாடுகள் ஏற்கவில்லை" என்று அடிக்கடி படிக்கிறேன். 1948ல் ஆதரவு 48, எதிர்ப்பு பூஜ்யம், வாக்களிக்காமல் ஒதுங்கியது 8. ஒதுங்கிய முஸ்லிம் பெரும்பான்மை நாடு சவூதி அரேபியா. பாகிஸ்தான், எகிப்து, ஈரான், துருக்கி, சிரியா, ஆப்கானிஸ்தான் எல்லாம் ஆதரித்தன. இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் நாடுகள் 1990ல் வெளியிட்ட மனித உரிமைக்கான கெய்ரோ பிரகடனம் வேறு கதை, அதன் 24, 25ஆம் பிரிவுகள் எல்லா உரிமைகளையும் ஷரீஆவுக்கு உட்படுத்துகின்றன. அதை எந்த நாட்டுக் குடிமகனும் நீதிமன்றத்தில் காட்டி வழக்காட முடியாது, அது அரசுகள் செய்த அறிவிப்பு. 2020ல் இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பு அதைத் திருத்தி எழுதியது, இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிடுவது நல்ல சின்ன ஆய்வு.

ஒப்பந்தங்களில் "கையெழுத்திட்டது" என்பதோடு நிற்காதீர்கள், ஒதுக்கங்களைப் படியுங்கள், அதாவது எந்தப் பிரிவுகள் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று ஒரு நாடு எழுதி வைப்பவற்றை. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் 1979 சீடா ஒப்பந்தத்தை ஏற்ற பல நாடுகள் 2ஆம், 16ஆம் பிரிவுகளுக்கு ஒதுக்கம் வைத்தன, அதாவது ஒப்பந்தத்தின் உயிர்நாடிக்கே. துனிசியா தன் குறிப்பிட்ட ஒதுக்கங்களை 2014ல் திரும்பப் பெற்றது, பொதுவான அறிவிப்பு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டது. பாகிஸ்தான் குடிமை, அரசியல் உரிமை ஒப்பந்தத்தை 2010ல் பரந்த ஒதுக்கங்களோடு ஏற்று, பிற நாடுகள் ஆட்சேபித்த பிறகு 2011ல் பெரும்பாலானவற்றைக் கைவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிஎஸ்பி பிளஸ் வர்த்தகச் சலுகை 27 சர்வதேச ஒப்பந்தங்களை ஏற்பதோடு கட்டப்பட்டது, பாகிஸ்தானுக்கு 2014ல் கிடைத்தது. துணி ஏற்றுமதிக்கும் மனித உரிமைக்கும் என்ன சம்பந்தம் என்று இனி கேட்க மாட்டீர்கள்.

ஐநாவின் உலகளாவிய காலமுறை மீளாய்வு 2008 முதல் நடக்கிறது, ஒவ்வொரு நாடும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை போய் நிற்க வேண்டும். அரசின் அறிக்கை, ஐநா தொகுப்பு, குடிமை அமைப்புகளின் சமர்ப்பிப்புகள், மூன்றையும் ஒன்றாக வைத்துப் படியுங்கள். எந்தப் பரிந்துரையை அரசு "ஏற்றது", எதை "குறித்துக்கொண்டது" என்று பிரித்து எண்ணுங்கள். "குறித்துக்கொண்டது" என்றால் மரியாதையாக மறுத்தது என்று அர்த்தம்.

ஒன்பதாவது படி: களத்துக்குப் போவது, போகாமல் இருப்பது

இங்கே நகைச்சுவைக்கு இடமில்லை. கேம்பிரிட்ஜ் முனைவர் பட்ட மாணவர் ஜூலியோ ரெஜேனி கெய்ரோவில் சுயாதீனத் தொழிற்சங்கங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். 2016 ஜனவரி 25 அன்று காணாமல் போனார், சில நாட்களில் சித்திரவதைக் காயங்களோடு உடல் கிடைத்தது. தொழிற்சங்கம் என்ற "சாதாரண" தலைப்புக்கு இது நடந்தது. உங்கள் தலைப்பு அந்த நாட்டில் எந்தக் கண்ணால் பார்க்கப்படும் என்று, அங்கிருந்து வெளியேறி வாழும் ஆய்வாளர்கள் இரண்டு மூன்று பேரிடமாவது முதலில் பேசுங்கள்.

உங்களைவிட ஆபத்து அதிகம், உங்களிடம் பேசியவருக்கு. நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், அவர் அங்கேயே இருப்பார். பெயரை மாற்றினால் போதாது. "தலைநகரின் ஒரே பெண் தொழிற்சங்கத் தலைவர்" என்று எழுதினால் பெயர் எழுதியது மாதிரிதான். பேட்டிப் பதிவுகளைப் பூட்டிய கோப்பில் வையுங்கள், பெயர்ப் பட்டியலை வேறு இடத்தில், எல்லை தாண்டும்போது இரண்டும் உங்கள் மடிக்கணினியில் இருக்கக்கூடாது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவதே அவருக்கு வினையாகலாம், வாய்மொழி ஒப்புதலுக்கு உங்கள் நெறிமுறைக் குழுவிடம் முன்பே அனுமதி வாங்குங்கள்.

போக முடியாத நாடு என்றால் அரசிதழ்கள், நாடாளுமன்றக் குறிப்புகள், நீதிமன்றத் தீர்ப்புகள், நாடு கடந்தவர்களின் பேட்டிகள். கடைசி வகையில் ஒரு சாய்வு உண்டு, வெளியேறியவர்கள் எல்லோரும் ஒரே காலத்தில், ஒரே காரணத்துக்காக வெளியேறியவர்களாக இருப்பார்கள். மொழிக்கு மொழிபெயர்ப்புச் செயலியை மட்டும் நம்பாதீர்கள். இந்தோனேசிய மொழியில் "ஹுகும்" என்றால் வெறும் சட்டம், போக்குவரத்துச் சட்டம்கூட ஹுகும்தான். அதை மார்க்கத் தீர்ப்பு என்று படித்துக் குழம்பிய கட்டுரையை நானே பார்த்திருக்கிறேன்.

பத்தாவது படி: எழுதும்போது

மதம்தான் காரணம் என்று வாதிடலாம், தடையில்லை, ஆனால் எந்த வழியாக என்று காட்ட வேண்டும்: எந்த அமைப்பு, யாருடைய பணம், எந்தச் சட்டப் பிரிவு. காம்பியாவை 2015 டிசம்பரில் இஸ்லாமியக் குடியரசு என்று அறிவித்தவர் 1994ல் ராணுவப் புரட்சியில் வந்த ஜம்மே. அடுத்த ஆண்டு அதே மக்கள் அவரைத் தோற்கடித்தார்கள், 2017ல் அந்தப் பெயரும் போனது. இதில் மதம் எங்கே வேலை செய்தது, ஆட்சியாளர் எங்கே மதத்தை வேலை வாங்கினார் என்று பிரித்து எழுதுங்கள்.

அப்புறம் தேதி. "இன்று வரை", "தற்போது" என்று எழுதாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் பங்களாதேஷில் கட்சி சாராத இடைக்கால அரசு தேர்தலை நடத்தும் முறை பற்றி எழுதினார்: 1996ல் அரசியலமைப்பில் வந்து 2011ல் நீக்கப்பட்டது, அதன் பிறகு தேர்தல்கள் என்னவாயின என்று நல்ல ஆய்வு. "ஆளும் கட்சியின் பிடி தற்போது அசைக்க முடியாதது" என்ற வரியோடு 2024 ஜூலையில் சமர்ப்பித்தார். ஆகஸ்ட் 5 அன்று பிரதமர் நாட்டைவிட்டே போய்விட்டார். ஆய்வேட்டில் மற்ற எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு, முதல் பக்கத்தில் "தரவு 2024 ஜனவரித் தேர்தல் வரை" என்று சேர்த்து மறுபடி கொடுத்தார்.